கான்கிரீட் வீட்டைக் குளிரவைப்பது: மொட்டைமாடியிலிருந்து தொடங்குங்கள்

வெயில் இறங்கி மூன்று மணிநேரம் கழித்தும் படுக்கையறையின் கூரை அனலாக இருந்தால், குறை ஏசியில் இல்லை, தளத்தில் இருக்கிறது. 150 மி.மீ. கனமுள்ள கான்கிரீட் தளத்தில் மேலே விழும் சூடு அடிப்பக்கம் வந்து சேர ஏறக்குறைய நான்கு மணிநேரம் ஆகும். பிற்பகல் இரண்டு மணியின் உச்சிச் சூடு மாலை ஆறு மணிக்குத்தான் கீழே எட்டிப்பார்க்கும். பிறகு நள்ளிரவு வரை அது அறைக்குள் இறங்கிக்கொண்டே இருக்கும். வெளியே காற்று குளிர்ந்துவிட்டது, உள்ளே உடம்பு எரிகிறது என்ற புகாருக்குக் காரணம் இதுதான்.

பழைய வீட்டைச் சீரமைக்க முடிவெடுத்ததும் பெரும்பாலோர் முதலில் வாங்குவது புது ஏசி, அடுத்தது சோலார். இது தலைகீழ் வரிசை. வெப்பம் உள்ளே வருவதைத் தடுக்காமல் ஏசி வாங்கினால் பெரிய ஏசி வேண்டும்; அதை ஓட்டப் பெரிய சோலார் வேண்டும். சரியான வரிசை இது: மொட்டைமாடி, மேற்கு வெயில் படும் ஜன்னல், மேற்குச் சுவர், காற்றோட்டம், கடைசியில் இயந்திரங்கள். ஒவ்வொரு கட்டமும் அடுத்த கட்டத்தின் அளவைச் சுருக்குகிறது. ஆண்டில் பெரும்பகுதி வெயில் காயும் பகுதிகளில், தட்டையான கான்கிரீட் கூரையும் செங்கல் சுவரும் கொண்ட வீடுகளுக்கான வழிமுறை இது. குளிர்நாட்டு வீட்டுக்கு வரிசை வேறு.

முதலில் அளந்து பாருங்கள்

ஒரு வாரம் அளந்த பிறகு கடப்பாரையைத் தொடுங்கள். அகச்சிவப்பு வெப்பமானி ஒன்றும், வெப்பமும் ஈரப்பதமும் காட்டும் சிறு கருவி ஒன்றும் போதும். ஒவ்வோர் அறையிலும் காலை 6, பிற்பகல் 2, இரவு 7, இரவு 10 ஆகிய நான்கு வேளைகளில் கூரையின் அடிப்பரப்பு, நான்கு சுவர்கள், அறைக் காற்று ஆகியவற்றின் வெப்பநிலையைக் குறித்துக்கொள்ளுங்கள். பூச்சு, பெயிண்ட், மரம் ஆகியவற்றில் கருவி சரியாகக் காட்டும். பளபளக்கும் உலோகத்தில் தவறாகக் காட்டும். அங்கே ஒரு துண்டு மறைப்பு டேப் ஒட்டி அதன்மேல் அளக்க வேண்டும்.

படிப்பது எளிது. இரவு 7 மணிக்குக் கூரை அறைக் காற்றைவிட 2, 3 டிகிரி கூடுதலாக இருந்தால் சூடு தளத்தின் வழியே வருகிறது. கூரை பரவாயில்லை, மேற்குச் சுவர் மட்டும் சுடுகிறது என்றால் வேலை அங்கே. இரண்டுமே காற்றோடு ஒத்துப்போகின்றன, ஆனால் அறை புழுங்குகிறது என்றால் காற்றோட்டத்தையோ ஜன்னல் வழி வெயிலையோ பார்க்க வேண்டும். அதே வாரத்தில் தினமும் ஒரே நேரத்தில் மின்மீட்டரையும் குறித்து வையுங்கள். வேலை முடிந்த பிறகு ஒப்பிட வேறு சான்று கிடைக்காது.

தளம்: கணக்கு முதலில்

கான்கிரீட் கனமாக இருப்பதால் வெப்பத்தையும் தடுக்கும் என்பது தவறான நம்பிக்கை. ஒரு கணக்கு: தளத்தின் மேல்பரப்பு 60 டிகிரி, அறை 30 டிகிரி. இதே நிலை நீடித்தால் 150 மி.மீ. வெறும் கான்கிரீட் வழியாகச் சதுர மீட்டருக்குச் சுமார் 113 வாட் இறங்கும். ஆயிரம் சதுர அடித் தளத்துக்கு அது 10 கிலோவாட்டைத் தாண்டும். மூன்று டன் ஏசியின் முழு உழைப்பு அதற்கே போய்விடும். அதே தளத்தின்மேல் 50 மி.மீ. எக்ஸ்பிஎஸ் என்ற நுரை அட்டை வைத்தால் 113 வாட் 17 வாட்டாகக் குறைகிறது. 75 மி.மீ. வைத்தால் 12. 100 மி.மீ. வைத்தால் 9.

இந்த எண்களைக் கவனியுங்கள். முதல் 50 மி.மீ. 96 வாட்டைத் தடுத்தது. அடுத்த 25 மி.மீ. வெறும் 5 வாட். ஆகவே சாதாரண வீட்டுக்கு 50 மி.மீ., நாள் முழுதும் ஏசி ஓடும் வீட்டுக்கு 75 மி.மீ. போதும். அதற்கு மேல் செலவிட இருக்கும் பணத்தை மேற்கு ஜன்னலுக்கு ஒதுக்குங்கள்.

எக்ஸ்பிஎஸ் என்பது வண்ணமிட்ட, அழுத்தமான நுரை அட்டை. தெர்மாகோலும் அதே வகைப் பிளாஸ்டிக்தான். ஆனால் தெர்மாகோல் மணிமணியாக இருக்கும், இடுக்கில் தண்ணீர் ஏறும், மிதித்தால் அமுங்கும். நடமாடும் மாடிக்குச் சதுர மீட்டருக்கு 25 முதல் 30 டன் சுமை தாங்கும், அதாவது 250–300 கிலோபாஸ்கல் அழுத்த வலிமையுள்ள எக்ஸ்பிஎஸ்ஸைக் கேட்டு வாங்குங்கள். விளிம்பில் படி வெட்டிய அட்டையே வேண்டும். நேர்வெட்டு அட்டைகளை அடுக்கினால் ஒவ்வொரு இணைப்பிலும் சூடு இறங்கக் கோடு விழும்.

தளத்தை உரித்து, ஆற்றி, மூடுவது

பழைய மாடியில் செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் கலந்து போட்ட கனமான தளவரிசை இருக்கக்கூடும். 100 மி.மீ. கனத்துக்கு அது சதுர மீட்டருக்கு 160 முதல் 180 கிலோ. பல ஆண்டு மழையைக் குடித்து ஈரமாகவே கிடக்கும். அதன்மேல் நீர்க்கசிவுத் தடுப்புப் பூச்சைப் பூசுவது அடிக்கடி நடக்கும் பிழை. உள்ளே அடைபட்ட ஈரம் வெயிலில் ஆவியாகிப் பூச்சைக் கொப்புளமாக்கும். ஓரிரு கோடையில் கொப்புளம் வெடித்து, கசிவு பழையபடி திரும்பிவிடும். ஈரமேறிய வரிசையை முழுக்க எடுத்துவிடுங்கள். அதனால் இன்னொரு நன்மையும் உண்டு: மேலே வரப்போகும் புதுச் சுமைக்குப் பழைய சுமை இடம் விடுகிறது.

உடைப்பது கைச்சுத்தியலாலும் உளியாலும் நடக்கட்டும். கனமான உடைப்பு இயந்திரம் தளத்தின் மேல்கம்பி வரை விரிசல் விடும். உடைத்த கழிவை நடுத்தளத்தில் குவிக்கவே கூடாது. ஓர் அடி உயரக் குவியல் சதுர மீட்டருக்கு 400 கிலோவைத் தாண்டும். வீட்டு மாடிகள் பொதுவாக 150 கிலோ அளவுக்கே கணக்கிடப்படுகின்றன. அன்றன்றைக்குக் கீழே இறக்குங்கள். மழைக்காலம் ஒரு மாதத்துக்குள் வருமென்றால் இந்த வேலையைத் தொடங்காதீர்கள்.

தளம் வெளிப்பட்டதும் சுத்தியலால் தட்டிக்கொண்டே நடங்கள். வெற்றொலி கேட்கும் இடத்தில் கான்கிரீட் கழன்றிருக்கிறது. அடிப்பக்கத்திலும், அறைக்குள் ஏணி போட்டு, இப்படியே தட்டிப் பாருங்கள். கம்பி துருப்பிடித்தால் இரும்பைவிடப் பல மடங்கு இடம் கேட்கும். அந்த அழுத்தமே கான்கிரீட்டை உதிர்க்கிறது. கழன்றதை முழுக்கக் கொத்தி, கம்பியின் பின்பக்கமும் தெரியும்படி செய்து, கம்பித் தூரிகையால் துருவை நீக்கி, துருத்தடுப்புப் பூச்சு கொடுத்து, பாலிமர் கலந்த சாந்தால் அடைக்க வேண்டும். வெறும் சிமென்ட் சாந்து வைத்தால் ஒரு வருடத்தில் விழும். கம்பியின் குறுக்களவு கண்ணுக்குத் தெரியுமளவு தேய்ந்திருந்தாலோ, தளம் நடுவில் தொய்ந்திருந்தாலோ வேலையை நிறுத்திக் கட்டமைப்புப் பொறியாளரை அழையுங்கள். அவர் பார்க்காமல் அதன்மேல் எந்தச் சுமையும் ஏற்றக் கூடாது.

அதற்குப் பிறகு வரிசை இப்படிப் போகும்:

1. வாட்டம். மழைநீர்க் குழாயை நோக்கி 100 செ.மீ.க்கு 1 செ.மீ. சரிவு, 80-க்கு 1 இருந்தால் இன்னும் நல்லது. தண்ணீர் நிரப்பிய மட்டக் குழாயால் எல்லா மூலைகளிலும் அளந்து பொட்டு வைத்த பிறகே சாந்து போட வேண்டும். கண்மட்டத்தை நம்பினால் குட்டை நிற்கும். வெளியேறும் குழாய் குறைந்தது இரண்டாவது இருக்கட்டும். ஒன்றே இருந்து, அது சருகால் அடைத்தால் மாடி தொட்டியாகிவிடும்.

2. மூலை. தளமும் கைப்பிடிச் சுவரும் சேரும் கோட்டில் 50 மி.மீ. அளவுக்குச் சாந்தால் வளைவு கொடுங்கள். நீர்த்தடுப்புப் படலம் செங்கோணத்தில் மடியும்போது அங்கேதான் முதலில் கிழியும். கூரைக் கசிவுகளில் பெரும்பாலானவை தளத்தின் நடுவில் இல்லை. இந்த மூலையிலும் குழாய் துளையைச் சுற்றியும்தான்.

3. உலர்வு. பூச்சுக்கு முதல் நாள் மாலை ஒன்றரை அடிச் சதுரப் பிளாஸ்டிக் தாளைத் தளத்தில் வைத்து, நான்கு ஓரமும் டேப் ஒட்டி, மறுநாள் பதினாறு மணிநேரம் கழித்துத் தூக்கிப் பாருங்கள். அடியில் நீர்த்துளியோ கருத்த ஈரமோ தெரிந்தால் இன்னும் சில நாள் காயவிடுங்கள்.

4. நீர்த்தடுப்பு. தீமூட்டி ஒட்டும் பிட்டுமின் தாள், திரவமாகப் பூசும் பாலியூரிதேன், பாலிமர் சிமென்ட் பூச்சு ஆகிய மூன்றில் எதுவானாலும் சுவரில் குறைந்தது 20 செ.மீ. மேலேற வேண்டும். திரவப் பூச்சு என்றால் இரண்டு கைப் பூச்சுகளுக்கு நடுவே கண்ணாடியிழை வலை, இரண்டாவது கைப் பூச்சு முதலாவதற்குக் குறுக்காக. தாள் என்றால் ஒன்றன்மேல் ஒன்று 10 செ.மீ. ஏற வேண்டும்.

5. தண்ணீர்ச் சோதனை. குழாய்களை அடைத்து 5 செ.மீ. தண்ணீரை 48 மணிநேரம் நிறுத்துங்கள். கீழே ஒவ்வோர் அறையின் கூரையையும் காலையும் மாலையும் பாருங்கள். ஒப்பந்தக்காரர் அவசரப்படுத்தினாலும் இதை விட்டுக்கொடுக்காதீர்கள். அட்டையும் கான்கிரீட்டும் மூடிய பிறகு கசிவைத் தேடுவதென்றால் எல்லாவற்றையும் மறுபடி பெயர்க்க வேண்டும்.

6. அட்டை. எக்ஸ்பிஎஸ்ஸை உலர்ந்த படலத்தின்மேல் செங்கல் கட்டு போல இணைப்பு மாற்றி அடுக்குங்கள்; ஒட்ட வேண்டியதில்லை. பெட்ரோல் கலந்த பசையும், கரைப்பான் சேர்த்த பிட்டுமினும் இந்த அட்டையை உருக்கிவிடும். சுமார் 75 டிகிரிக்கு மேல் அது தாங்காது என்பதால் தீமூட்டி ஒட்டும் தாளை அட்டையின்மேல் ஒட்டக் கூடாது. அட்டை எப்போதும் படலத்துக்கு மேலே. அப்போதுதான் படலமும் வெயிலிலிருந்து தப்பிப் பல மடங்கு காலம் உழைக்கும். அடுக்கிய அட்டையை வெயிலில் வாரக்கணக்கில் விடாதீர்கள். பரப்பு பொடியாக உதிரத் தொடங்கும்.

7. மூடு கான்கிரீட். அட்டையின்மேல் துணிபோன்ற வடிகட்டிப் படலம், அதன்மேல் கோழிவலை அல்லது மெல்லிய கம்பிவலை வைத்து 50 மி.மீ. கான்கிரீட். வலை கான்கிரீட்டின் நடுவில் நிற்க வேண்டும். கீழே கிடந்தால் பயனில்லை. சதுர மீட்டருக்கு இதன் எடை 120 கிலோ. இரண்டு மீட்டருக்கு ஒரு வெட்டு விட்டுக் கட்டங்களாகப் பிரியுங்கள். அட்டை கீழ்நோக்கிச் சூடு இறங்கவிடாது என்பதால் இந்த மேல்படலம் முன்னைவிட அதிகம் சூடேறும், இரவில் சட்டென்று குளிரும். 10 மீட்டர் நீளம், 30 டிகிரி வித்தியாசம் என்றால் 3 மி.மீ. நீளும். கைப்பிடிச் சுவரோரம் 20 மி.மீ. இடைவெளி விட்டு நெகிழும் அடைப்பான் வைக்காவிட்டால் அந்த 3 மி.மீ. சுவரைத் தள்ளி விரிசல் போடும்.

8. வெள்ளை. கடைசிப் பரப்பு வெளிர்நிறமாக இருக்கட்டும். சாதாரணச் சாம்பல்நிறக் கான்கிரீட் விழும் வெயிலில் மூன்றில் ஒரு பங்கைக்கூடத் திருப்பி அனுப்பாது. புது வெள்ளைப் பூச்சு 80 விழுக்காடு வரை திருப்பும். தூசு படிந்த பிறகு 60-க்குப் பக்கம் இறங்கும். ஆண்டுக்கு ஒருமுறை கோடை தொடங்குமுன் தேய்த்துக் கழுவினால் பெரும்பகுதி மீளும். பளபளப்பான வெள்ளை ஓடு நடக்கும்போது கண்ணைக் கூசும், மழையில் வழுக்கும்; சொரசொரப்பானதையே எடுங்கள்.

இவ்வளவு செலவுக்கு வழியில்லாத வீட்டுக்கு எட்டாவது படியை மட்டும் செய்யலாம். கசிவில்லாத நல்ல தளத்தின்மேல் வெள்ளைப் பூச்சு இரண்டு கை: பிற்பகல் மேல்பரப்புச் சூடு பத்து டிகிரிக்கு மேல் இறங்கும். செலவோடு ஒப்பிட்டால் இதைப்போல் பலன் தரும் வேலை வேறில்லை. வாடகை வீட்டிலும் செய்யலாம்.

உள்ளே ஃபால்ஸ் சீலிங் போட்டால் குளிருமா என்று கேட்பார்கள். கண்ணுக்குத் தெரியும் கூரை கொஞ்சம் குளிரும். ஆனால் தளம் சூடாகவே இருக்கும், நீர்க்கசிவு மறைந்து வளரும், உயரம் குறையும். வேறு வழியே இல்லையென்றால் பலகையின்மேல் பாறைநார் மெத்தை பரப்பி, சோதனைக்கு ஒரு கதவு விட்டுச் செய்யுங்கள். வெறும் ஜிப்சம் பலகை அலங்காரம் மட்டுமே.

ஜன்னல்: வெயிலைக் கண்ணாடிக்கு வெளியே நிறுத்துங்கள்

திரை எவ்வளவு கனமாக இருந்தாலும், கண்ணாடியைத் தாண்டிய வெயில் உள்ளே வந்த வெயில்தான். திரையில் பட்டுச் சூடாகி, அந்தச் சூடு அறைக்குள்ளேயே கலக்கும். மேற்கு நோக்கிய 1.5 மீட்டருக்கு 1.2 மீட்டர் ஜன்னலை எடுத்துக்கொள்ளுங்கள். மாலை வெயில் நேராகச் சதுர மீட்டருக்கு 700 வாட் படுகிறது. ஒற்றைக் கண்ணாடி அதில் 82 விழுக்காட்டை உள்ளே விடும். மொத்தம் ஏறத்தாழ ஒரு கிலோவாட். ஒரு டன் ஏசியின் திறனே 3.5 கிலோவாட்தான்.

எந்தத் திசைக்கு எந்த மறைப்பு என்பதில் பலர் தவறுகிறார்கள். நான்கு பக்கமும் ஒரே ஒன்றரை அடி சன்ஷேட் வைத்த வீடுகள் எத்தனையோ. சூரியன் எவ்வளவு உயரத்தில் நிற்கிறது என்பதை வைத்து மறைப்பின் நீளத்தைக் கணக்கிடலாம்: ஜன்னலின் உயரத்தைச் சூரிய உயரக் கோணத்தின் டேன்ஜென்ட்டால் வகுத்தால் வேண்டிய நீட்டம் வரும். நண்பகலில் 63 டிகிரி உயரத்தில் நிற்கும் சூரியனுக்கு 1.2 மீட்டர் ஜன்னலின் மேல்விளிம்பில் 60 செ.மீ. நீட்டம் போதும். மாலை 4 மணியளவில் மேற்கே 30 டிகிரிக்கு இறங்கிவிட்ட சூரியனுக்கு அதே ஜன்னலுக்கு 2 மீட்டருக்கு மேல் வேண்டும். ஒன்றரை அடி சன்ஷேட் அந்த நேரத்தில் ஜன்னலின் மேல் 26 செ.மீ.க்கு மட்டும் நிழல் தரும். மீதி 94 செ.மீ.யில் வெயில் உள்ளே.

ஆகவே நிலநடுக்கோட்டுக்கு வடக்கே உள்ள வீட்டில் தெற்கு ஜன்னலுக்குக் கிடையான சன்ஷேட் சரி. மேற்குக்கும் கிழக்குக்கும் ஜன்னலின் முகத்தையே மூடும் தடுப்பு வேண்டும். இங்கேயும் ஒரு பொறி உண்டு. சுவருக்குச் செங்குத்தாக நீட்டிய நெடும்பலகைகள் படத்தில் அழகாக இருக்கும். ஆனால் சூரியன் நேர் மேற்கே நிற்கும்போது வெயில் அவற்றின் நடுவே தடையில்லாமல் புகும். கிடைப்பலகைகளை நெருக்கமாக அடுக்குவதே வேலை செய்யும். பலகையின் ஆழமும் இடைவெளியும் சமமானால் 45 டிகிரிக்கு மேலுள்ள வெயிலைத்தான் தடுக்கும். 100 மி.மீ. ஆழத்துக்கு 55 மி.மீ. இடைவெளி வைத்தால் 30 டிகிரி வரை தடுக்கும். வெளிவிளிம்பைக் கீழ்நோக்கிச் சாய்த்தால் இன்னும் தாழ்ந்த வெயிலையும் பிடிக்கும். மழைச் சாரலும் உள்ளே வராது. ஜாலிக் கற்களுக்கும் இதே விதி: துளை அகலத்தைவிடக் கல்லின் கனம் அதிகமாக இருக்க வேண்டும். 100 மி.மீ. கனக் கல்லில் 75 மி.மீ. துளை நல்ல விகிதம். 50 மி.மீ. கனத்தில் 100 மி.மீ. துளை வைத்தால் அலங்காரம் கிடைக்கும், நிழல் கிடைக்காது.

தடுப்பைச் சுவரிலிருந்து 15 முதல் 30 செ.மீ. தள்ளி நிறுத்துங்கள்; மேலும் கீழும் திறந்திருக்கட்டும். சூடான காற்று மேலே போய்விடும். வெளியே திறக்கும் ஜன்னல் கதவு தடுப்பில் இடிக்குமா, கண்ணாடி துடைக்கக் கை போகுமா, ஆபத்து வேளையில் வெளியேற வழி இருக்குமா என்று வரைபடத்திலேயே பார்த்துவிடுங்கள். மரமென்றால் வெட்டுமுனைகளுக்கு எண்ணெய் பூசாமல் ஏற்றாதீர்கள். அழுகல் அங்கேதான் தொடங்கும். இரும்பென்றால் துத்தநாகம் பூசியது. ஈரக் கடற்காற்று படும் இடத்தில் அலுமினியமோ சுட்ட மண்ணோ சிறந்தது.

வீட்டுக்குத் தனி முகம் வேண்டும் என்று விரும்புகிறவர்கள் கல் ஒட்டுவதையும் வண்ணப் பட்டை அடிப்பதையும் விட்டுவிட்டு, இந்தத் தடுப்புகளில் பணத்தையும் கற்பனையையும் போட வேண்டும் என்பது எங்கள் உறுதியான கருத்து. சுட்ட மண் ஜாலி, கிடையான மரச்சட்டம், கொடி ஏறிய பந்தல் எல்லாம் நிழலுக்காகவே வருகின்றன. அதனால்தான் ஒவ்வொரு பக்கமும் வேறுவேறாக அமையும். தெற்கும் மேற்கும் ஒரே மாதிரி இருக்கும் வீட்டில் யாரோ சூரியனை மறந்திருக்கிறார்கள்.

கண்ணாடியை மாற்றுவது அதற்குப் பிறகுதான். குறைகதிர்ப் பூச்சு (வெப்பக் கதிரைத் திருப்பி அனுப்பும் மெல்லிய படலம்) உள்ள இரட்டைக் கண்ணாடி வெயிலில் கால் முதல் மூன்றில் ஒரு பங்கை மட்டுமே உள்ளே விடும். வெளித்தடுப்பு போட இடமில்லாத ஜன்னலுக்கும், இரைச்சலான தெருப்பக்கத்துக்கும் அது ஏற்றது. நல்ல நிழலில் இருக்கும், நாள் முழுதும் திறந்தே கிடக்கும் ஜன்னலுக்கு அது வீண்செலவு.

மேற்குச் சுவர்

230 மி.மீ. செங்கல் சுவரும் வெப்பத்துக்குப் பெரிய தடையில்லை. முதல் வழி நிழல்: சுவரிலிருந்து ஓர் அடி தள்ளிக் கம்பி கட்டிக் கொடி ஏற்றலாம். சுவரிலேயே வேர்விட்டுப் பற்றும் கொடி பூச்சைப் பெயர்க்கும், ஓதம் கொண்டுவரும்; சட்டத்தில் ஏறும் வகையையே நடுங்கள். இரண்டாவது வழி, வெளிப்புறமாக 50 மி.மீ. நுரை அட்டை ஒட்டி மேலே மெல்லிய பூச்சு. சுவர் வழி வரும் சூடு கால் பங்குக்கு அருகே குறையும்.

அதில் கவனிக்க வேண்டியவை சில. அட்டையைத் தரைமட்டத்திலிருந்து ஓரடி மேலே தொடங்குங்கள். மண்ணைத் தொட்டால் கரையானும் ஈரமும் பின்னால் ஒளிந்து ஏறும். பசையோடு சதுர மீட்டருக்கு ஐந்தாறு பிளாஸ்டிக் ஆணியும் வேண்டும். காரம் தாங்கும் கண்ணாடியிழை வலை 10 செ.மீ. ஒன்றன்மேல் ஒன்று ஏறட்டும். ஜன்னலின் நான்கு மூலைகளிலும் சாய்வாகக் கூடுதல் வலைத்துண்டு பதிக்க மறந்தால், அந்த மூலைகளிலிருந்து சாய்கோட்டில் விரிசல் ஓடும்.

உள்பக்கம் அட்டை ஒட்டுவது சுலபம். ஆனால் ஈரக்காற்றுப் பகுதியில் ஏசி அறைக்கு அது ஆபத்து. வெளியே 32 டிகிரி, ஈரப்பதம் 75 விழுக்காடு என்றால் அந்தக் காற்று 27 டிகிரிப் பரப்பைத் தொட்டாலே வியர்க்கும். உள்ளே 24 டிகிரிக்குக் குளிர்ந்த அட்டையின் பின்னால் அது புகுந்தால் அங்கே நீர் கோத்துப் பூஞ்சை பிடிக்கும், வெளியே தெரியாது. வெளிச்சுவரின் உள்பக்கத்தில் பிளாஸ்டிக் சுவர்த்தாள் ஒட்டுவதும் இதே காரணத்தால் தவறு.

காற்று

ஓர் அறைக்கு ஒரே ஜன்னல் இருந்தால், கூரை உயரத்தின் இரண்டு மடங்கு தூரத்துக்குத்தான் காற்று பயனுள்ளபடி உள்ளே போகும். எதிர்ச்சுவரிலோ பக்கச்சுவரிலோ வெளியேறும் வழி வேண்டும். அது உள்ளே வரும் வழியைவிடச் சிறிதாக இருக்கக் கூடாது. உள்கதவுக்கு மேலே திறக்கும் வெண்டிலேட்டர் ஒன்று வைத்தாலே இரவில் கதவைச் சாத்திக்கொண்டு காற்றோட்டம் பெறலாம். மாடிப்படிக் கூண்டைப் புகைபோக்கி போலப் பயன்படுத்துங்கள். அதன் உச்சியில் மழை புகாத, கொசுவலை போட்ட திறப்புகள் வைத்தால் கீழ்வீட்டின் சூடான காற்று அதன் வழியே ஏறிப்போகும். கொசுவலை காற்றைத் தடுக்கும் என்பதால் திறப்பைக் கணக்கிட்டதைவிடப் பெரிதாக வையுங்கள். வலையை மாதம் ஒருமுறை கழுவுங்கள்.

எப்போது திறப்பது என்பதும் முக்கியம். வெளிக்காற்று உள்ளதைவிடக் குளிர்ந்த பிறகு திறந்து, காலை வெயில் ஏறியதும் மூடுங்கள். பகலுக்கும் இரவுக்கும் பத்து டிகிரிக்கு மேல் வித்தியாசம் உள்ள உலர்ந்த பகுதியில் இந்த ஒரு பழக்கமே சுவர்களையும் தரையையும் குளிர்ப்பித்து அடுத்த பிற்பகல் வரை தாங்கும். இரவும் புழுங்கும் ஈரப்பகுதியில் அவ்வளவு பலன் இல்லை. அங்கே உடம்பின்மேல் காற்று ஓடுவதே ஆறுதல்.

ஏசி அறைக்கு எதிர்விதி: ஓட்டையே கூடாது. ஜெர்மனியின் டார்ம்ஸ்டாட் நகரில் 1991-இல் எழுந்த முதல் பாசிவ் ஹவுஸ் (மிகக் குறைந்த ஆற்றலில் இயங்கும் வீடு) குடியிருப்பிலிருந்து வளர்ந்த தரத்தில், 50 பாஸ்கல் அழுத்த வித்தியாசத்தில் மணிக்கு வீட்டின் கொள்ளளவில் 0.6 மடங்கு காற்றுக்கு மேல் கசியக் கூடாது என்பது விதி. பழைய வீட்டில் அதை எட்ட வேண்டியதில்லை. ஆனால் கதவின் அடி இடுக்கு, ஏசிக் குழாய் போகும் துளை, ஜன்னல் சட்டத்துக்கும் சுவருக்கும் நடுவிலுள்ள கோடு ஆகிய மூன்றையும் அடைத்தாலே பெரும்பகுதி நின்றுவிடும். ஊதுபத்திப் புகையை அருகே பிடித்தால் ஓட்டை தெரியும். முழுக்க அடைத்த அறையில் இரவெல்லாம் மூவர் நால்வர் தூங்கினால் புதுக்காற்றுக்குச் சிறு விசிறி வழி வைக்க வேண்டும். எரிவாயு அடுப்போ எரிவாயு நீர்சூடாக்கியோ உள்ள இடத்தை ஒருபோதும் இப்படி அடைக்காதீர்கள்.

இயந்திரங்கள், கடைசியில்

சீலிங் ஃபேன் அறையைக் குளிர்ப்பிக்காது, ஆளைக் குளிர்ப்பிக்கும். நொடிக்கு ஒரு மீட்டர் வேகக் காற்று மூன்று டிகிரி வரை குறைந்ததுபோன்ற உணர்வைத் தரும். ஆளில்லாத அறையில் ஓடினால் மோட்டார் சூடுதான் மிச்சம். பழைய ஃபேன் 75 வாட், பிஎல்டிசி (தூரிகையில்லா மோட்டார்) வகை 30 வாட் அளவு. ஐந்து ஃபேன் தினம் 12 மணிநேரம் ஓடும் வீட்டில் நாளுக்கு 2.7 யூனிட் மிஞ்சும். இறக்கைகள் கூரையிலிருந்து ஓரடியாவது இறங்கியிருக்க வேண்டும். ஒட்டினாற்போல் மாட்டினால் இழுக்கக் காற்று கிடைக்காது.

ஏசியின் அளவை வேலை முடிந்த பிறகே முடிவு செய்யுங்கள். 14 சதுர மீட்டர் படுக்கையறைக்கு முன்பு தளத்தின் வழி 1.6 கிலோவாட், மேற்கு ஜன்னல் வழி 1 கிலோவாட் வந்திருந்தால், இப்போது இரண்டும் சேர்ந்து அரைக் கிலோவாட்டுக்குள் அடங்கும். ஒன்றரை டன் கேட்ட அறைக்கு இனி ஒரு டன் போதும். பெரிதாக வாங்கினால் சீக்கிரம் குளிர்ந்து நின்றுவிடும். ஈரத்தை உறிஞ்ச நேரம் கிடைக்காது. குளிரும் பிசுபிசுப்பும் சேர்ந்த அறை கிடைக்கும். வெப்பநிலையை ஒரு டிகிரி உயர்த்தினால் ஏறத்தாழ 6 விழுக்காடு மின்சாரம் மிஞ்சும் என்பதால் 26-இல் வைத்து ஃபேனை மெதுவாக ஓட்டுவது நல்லது. வெளிப்பெட்டியை நிழலில், முன்னால் தடையில்லாமல் வையுங்கள். மேலே சொன்ன தடுப்புச் சட்டத்துக்குள் அதை மறைத்தால், தான் கக்கிய சூட்டையே மறுபடி இழுக்கும்.

சோலார் தகடு கிலோவாட்டுக்கு ஐந்தரைச் சதுர மீட்டர் அளவு இடம் கேட்கும். நல்ல வெயிலில் நாளுக்கு நான்கு யூனிட் தரும். தகடு சூடேறினால் விளைச்சல் குறையும் என்பதால் அடியில் காற்று ஓட இடம் விடுங்கள். ஆள் நடமாடும் உயரத்தில் நிறுத்தினால் தளத்துக்கும் நிழல் கிடைக்கும். ஆனால் காற்று தூக்கும் விசை பெரிது, கால்களின் பிடிப்பைப் பொறியாளர் கணக்கிட வேண்டும். தண்ணீர்த் தொட்டியின் நிழல் ஒரு தகட்டின் மூலையில் விழுந்தாலே அந்த வரிசை முழுதும் சுணங்கும்.

எல்லாவற்றிலும் அதிகம் நேரும் சேதம் ஒன்று: நீர்த்தடுப்பு, அட்டை, கான்கிரீட் எல்லாம் முடிந்து மூன்று மாதம் கழித்து சோலார்காரர் வந்து துளையிடும் இயந்திரத்தை மாடியில் வைப்பார். ஒவ்வொரு காலுக்கும் நான்கு போல்ட், ஒவ்வொரு போல்ட்டும் படலத்தைத் துளைக்கும். ஆகவே சோலார் இன்று வாங்காவிட்டாலும் கால்கள் எங்கே நிற்கும் என்று இன்றே முடிவெடுத்து, நீர்த்தடுப்புக்கு முன்பே தளத்தோடு இணைந்த சிறு கான்கிரீட் மேடைகளைக் கட்டி, படலத்தை அவற்றின்மேல் ஏற்றிவிடுங்கள். மின்கம்பிக்கும் நீர்சூடாக்கிக் குழாய்க்கும் அப்போதே உறை பதியுங்கள். டிஷ் ஆன்டெனா, துணிக்கொடிக் கம்பம் ஆகியவற்றுக்கும் இதுவே விதி.

முடிந்ததும் அதே வெப்பமானியை எடுத்து, முந்தைய வாரத்தைப் போன்ற வெயில் உள்ள வாரத்தில், அதே நான்கு வேளைகளில் மறுபடி அளங்கள். இரவு 7 மணிக்குக் கூரைக்கும் அறைக் காற்றுக்கும் வித்தியாசம் ஒரு டிகிரிக்குள் வர வேண்டும். கூரையில் ஓரிடம் மட்டும் சுட்டால் அங்கே அட்டை இணைப்பு விலகியிருக்கிறது. கைப்பிடிச் சுவரோரமாக ஒரு பட்டை சுடுவது வழக்கம்தான். சுவர் வழியாக இறங்கும் அந்தச் சூட்டுக்கு, கைப்பிடிச் சுவரின் மேல்விளிம்பையும் இரு பக்கங்களையும் வெள்ளையடித்தால் பெரும்பாலும் போதும்.